மாற்றி எடுத்த சைக்கிள்

(சட்டக் கல்லூரி ஒன்றில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அறக்கட்டளை யார் நினைவாக ஏற்பட்டதோ அந்தப் பெரியவர் ஒரு பள்ளி ஆசிரியர். ஓய்வு பெறும் நாள்வரை சைக்கிளிலேயே பள்ளிக்குப் போய்வந்தவர் என்று அவருடைய மகள் தொலைபேசியில் சொன்னார். "தலைப்பு உங்கள் விருப்பம் ஐயா, சட்டம் சம்பந்தமாக இருந்தால் போதும்" என்றார். அந்த இரண்டு செய்திகளும் சேர்ந்து இன்றைய பேச்சை முடிவு செய்துவிட்டன. சைக்கிள் திருட்டு பற்றிப் பேசப்போகிறேன். இன்னும் சரியாகச் சொன்னால், சைக்கிளைத் திருடாமலே பிடிபட்டவர்கள் பற்றி.

பெரிய தலைப்பை எதிர்பார்த்து வந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதே மேடையில் அரசமைப்புச் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பு பற்றியெல்லாம் பேசியிருக்கிறார்கள். நான் நாற்பது வருடம் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் காலம் தள்ளியவன். அங்கே அடிப்படைக் கட்டமைப்பு வருவதில்லை. கோழி வரும், குழாயடிச் சண்டை வரும், சைக்கிள் வரும்.

முதலில் ஓர் ஒப்புதல் வாக்குமூலம். போலீஸாரிடம் கொடுத்த ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது என்று படித்திருப்பீர்கள். உங்களிடம் கொடுப்பதால் இது செல்லும். 1979-இல் நான் இன்னொருவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. ஒரு டெல்டா ஊரில் சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஊர்ப் பெயர் வேண்டாம். முன்சீப் கோர்ட்டும் தாலுகா ஆபீசும் ஒரே வளாகம். நடுவில் ஒரு பெரிய புங்கமரம். அதன் நிழலில் முப்பது, நாற்பது சைக்கிள் நிற்கும். எல்லாம் கறுப்பு. எல்லாம் 22 அங்குலம். பாதி ஹெர்குலிஸ், மீதி ராலே, அட்லஸ், ஹீரோ. என் வண்டி ஹெர்குலிஸ், அம்பத்தூரில் செய்தது. அதைத் தவிர அதைப் பற்றி எனக்கு வேறொன்றும் தெரியாது. இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொள்ளும்போல இருந்தது. கேஸ் கட்டைக் கேரியரில் செருகிவிட்டுச் சாவியைப் போட்டேன், பூட்டு திறந்துகொண்டது, ஏறிப் போய்விட்டேன். அந்தக் காலத்துச் சைக்கிள் பூட்டுகளை அறிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இராது. ஒரு சாவி நாலு பூட்டைத் திறக்கும். வழியில் பெல் சத்தம் கொஞ்சம் மாறிக் கேட்டது. எண்ணெய் விட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அதே சைக்கிளில் கோர்ட்டுக்கு வந்து இறங்குகிறேன். வாசலில் நின்ற கான்ஸ்டபிள் சலாம் போட்டுவிட்டுச் சொன்னார்: "சார், உங்க வண்டியை எடுக்க வந்தவனை நேத்தே புடிச்சாச்சு. வண்டி ஸ்டேஷன்ல பத்திரமா இருக்கு. வந்து ஒரு எழுத்து குடுத்துட்டு எடுத்துக்கங்க."

"என் வண்டி இதோ இருக்கே" என்றேன், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே.

அவர் சைக்கிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார். "அவசரத்துல மாத்தி எடுத்துட்டீங்கபோல சார்."

நாற்பத்தைந்து வருடமாக என்னை விடாத வாக்கியம் இது. ஒரே மரத்தடி, ஒரே மாதிரி இரண்டு சைக்கிள். நான் செய்தது "மாத்தி எடுத்தது". அவன் செய்தது "எடுக்க வந்தது". ஒருவன் மீது ஒரு வினை, இன்னொருவன் மீது இன்னொரு வினை. என் வெள்ளைச் சட்டையும் கையில் மடித்துப் போட்டிருந்த கறுப்புக் கோட்டும் அந்த "மாத்தி" என்ற சொல்லை எனக்கு வாங்கிக் கொடுத்தன. நான் கேட்கக்கூட இல்லை.

ஸ்டேஷனில் அந்தப் பையன் சட்டையில்லாமல் மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். பத்தொன்பது, இருபது வயது இருக்கும். உதடு வீங்கியிருந்தது. பித்தளைப் பட்டறையில் கடைசல் வேலை. கைம்பெண் உதவித்தொகைக்கு அம்மா கொடுத்த மனு என்ன ஆயிற்று என்று கேட்க முந்தின நாள் தாலுகா ஆபீசுக்கு வந்தவன். வெளியே வந்தால் தன் வண்டியைக் காணோம். பக்கத்தில் அதேபோல ஒன்று நிற்கிறது. சாவியைப் போட்டான், திறந்தது. ஆனாலும் சந்தேகம். குனிந்து பெடலைத் தடவிப் பார்த்தான். நிமிர்ந்து நாலு பக்கமும் பார்த்தான், இது யாருடையது, கேட்கலாமா என்று. எதிரே டீக்கடையில் இருந்தவர்களுக்கு அது போதுமாயிருந்தது. "வக்கீல் சார் வண்டி நிக்கிற இடமாச்சே" என்று ஒருவர் எழுந்தார். மற்றவர்களும் எழுந்தார்கள்.

அவனிடம் கேட்ட முதல் கேள்வி "யாருடா நீ?" இரண்டாவது கேள்வி "எந்தத் தெரு?" தமிழ்நாட்டில் இந்த இரண்டாவது கேள்வி முகவரி விசாரிப்பதற்காகக் கேட்கப்படுவதில்லை என்பது உங்களுக்கே தெரியும். பதில் சொன்னான். அதற்குப் பிறகு மூன்றாவது கேள்வி இல்லை, அடிதான்.

நான் உள்ளே போனதும் அவன் என்னைப் பார்க்கவில்லை. வாசலில் நான் நிறுத்திவிட்டு வந்த சைக்கிளைப் பார்த்தான். "சார், இடது பெடலைக் கழட்டிப் பாருங்க. உள்ளே பித்தளை வாஷர் இருக்கும், நானே கடைஞ்சது." பார்த்தோம். இருந்தது. பொன்போல மின்னியது.

அவனுக்குத் தன் வண்டி விரல் நுனியில் தெரிந்திருந்தது. எனக்கு என் வண்டிக்கும் அடுத்தவன் வண்டிக்கும் ஒரு ராத்திரி முழுக்க வித்தியாசம் தெரியவில்லை. சைக்கிளின் சொந்தக்காரன் யார் என்பதைச் சைக்கிளிடம் கேட்டிருந்தால் ஐந்து நிமிட வேலை. ஆளிடம் கேட்டார்கள், ஆளைப் பார்த்துப் பதிலை எழுதிக்கொண்டார்கள்.

விட்டுவிட்டார்கள். எந்தப் பதிவேட்டிலும் அவன் வந்ததும் இல்லை, போனதும் இல்லை. வெளியே வந்து பத்து ரூபாய் நீட்டினேன். வாங்கிக்கொண்டு, "சட்டை பதினெட்டு ரூபா சார்" என்றான். இன்னும் எட்டு ரூபாய் கொடுத்தேன். அவன் கேட்டது நியாயமான இழப்பீடு. அதற்கு மேல் நான் ஒன்றும் செய்யவில்லை, புகார் எழுதவில்லை, சீனியர் சொன்ன நகைச்சுவைக்குச் சிரித்தேன். அதையும் வாக்குமூலத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். திருட்டு என்பதற்கு நேர்மையற்ற எண்ணம் வேண்டும். எனக்கு அந்த எண்ணம் இல்லை, ஆகவே நான் திருடனல்ல. சரிதான். ஆனால் அந்த எண்ணம் எனக்கு இல்லை என்று முதலில் முடிவு செய்தவர் யார்? வாசலில் நின்ற கான்ஸ்டபிள். எப்படி முடிவு செய்தார்? பார்த்து. அந்தப் பையனுக்கு அந்த எண்ணம் இருந்தது என்று முடிவு செய்தவர்களும் பார்த்துத்தான் செய்தார்கள்.

திருட்டுப் பொருள் என்று நியாயமாகச் சந்தேகிக்கத்தக்க பொருளை வைத்திருப்பவரைப் பிடியாணை இல்லாமலே கைது செய்யலாம். 1973-ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 41-ஆவது பிரிவில் இருந்தது. இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35-ஆவது பிரிவில் இருக்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தின் 114-ஆவது பிரிவுக்கு முதல் விளக்கமே இதுதான்: திருட்டு நடந்த சிறிது காலத்தில் அந்தப் பொருள் யார் கையில் இருக்கிறதோ, அவர் கணக்குச் சொல்லாவிட்டால், திருடியவர் அல்லது தெரிந்தே வாங்கியவர் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம். இவற்றில் தவறு இல்லை. ஆனால் கவனியுங்கள், முதலில் ஒரு திருட்டு நடந்திருக்க வேண்டும். பொருள் திருட்டுப் பொருள் என்று காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் வைத்திருப்பவர் கணக்குச் சொல்ல வேண்டும். நடைமுறையில் இது தலைகீழாகப் போகிறது. ஆளைப் பார்த்துச் சந்தேகம், அந்தச் சந்தேகத்தால் பொருள் திருட்டுப் பொருளாகிறது. சட்டம் "நியாயமான" சந்தேகம் என்கிறது. அந்த அடைமொழி சும்மா போடப்பட்டதில்லை.

நியாயமானது என்று எப்படிக் காட்டுகிறார்கள்? எங்கள் தொழிலில் அதற்குச் சில வாசகங்கள் உண்டு. எந்த ஊர், எந்த வருடக் கேஸ் கட்டை எடுத்தாலும் இருக்கும். "சந்தேகத்துக்கு இடமான வகையில் நின்றுகொண்டிருந்தார்." "போலீஸாரைக் கண்டதும் தப்பி ஓட முயன்றார்." "முன்னுக்குப் பின் முரணாகப் பதில் அளித்தார்." மறுநாள் செய்தித்தாளிலும் ஒரு எழுத்து மாறாமல் வரும். குறுக்கு விசாரணையில் நான் கேட்பேன்: "நிற்பதில் சந்தேகத்துக்கு இடமில்லாத வகை எது? ஒருமுறை நின்று காட்டுங்கள்." மாஜிஸ்திரேட் முறைப்பார். ஆனால் பதில் வந்ததே இல்லை.

இதற்கு நம் பேச்சுவழக்கில் இன்னும் சுருக்கமான சொல் இருக்கிறது: திருட்டு முழி. திருதிருவென்று முழித்தான், ஆகவே திருடன். பத்துப் பேர் சுற்றி நின்று சட்டையைப் பிடித்தால் யார்தான் முழிக்கமாட்டார்கள்? குனிந்து பெடலைத் தடவியதும் நாலு பக்கமும் பார்த்ததும் அந்தப் பையனுடைய நேர்மையின் அடையாளம். வண்டி தன்னுடையது அல்ல என்று தெரிந்ததால் வந்த தயக்கம். நான் தயங்கவே இல்லை. பூட்டைத் திறந்து, ஏறி, பெல் அடித்துக்கொண்டு போனேன். தொழில்முறைத் திருடனும் அப்படித்தான் போவான்.

இதையே தொலைக்காட்சியில் செய்து பார்த்திருக்கிறார்கள். 2010-இல் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சி ஒரு பூங்காவில் சைக்கிளைச் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டு, மூன்று நடிகர்களை முறை வைத்து அந்தச் சங்கிலியை அறுக்க விட்டது. வெள்ளை இளைஞன் அறுத்தபோது பெரும்பாலோர் பார்த்துவிட்டு நடந்தார்கள். ஏறக்குறைய அதே உடையில் கறுப்பு இளைஞன் அறுத்தபோது கூட்டம் கூடியது, செல்போன்கள் வெளியே வந்தன. மூன்றாவதாக ஓர் இளம்பெண். வந்த ஆண்கள் சிலர் அவளுக்கு அறுத்துக் கொடுக்க உதவினார்கள்! ரம்பம் ஒன்று, சங்கிலி ஒன்று.

ஏன் குறிப்பாகச் சைக்கிளில் இது நடக்கிறது? மோட்டார் சைக்கிளுக்கு முன்னும் பின்னும் எண் பலகை இருக்கிறது, ஆர்.சி. புத்தகம் இருக்கிறது. ஆள் எப்படி இருந்தாலும் "ஆர்.சி.யை எடு" என்று கேட்க ஒரு காகிதம் இருக்கிறது. சைக்கிளுக்கு அது கிடையாது. ஒரு காலத்தில் நகராட்சியிலும் பஞ்சாயத்திலும் வரி கட்டி, தகர வில்லை வாங்கிச் சைக்கிளில் மாட்ட வேண்டியிருந்தது. வில்லை இல்லை, விளக்கு இல்லை, டபுள்ஸ் போனாய் என்று பிடித்து வால்டியூபைப் பிடுங்கிவிடுவார்கள். வீடுவரை தள்ளிக்கொண்டு வந்த அனுபவம் என் வயதுக்காரர்களுக்கு உண்டு. வில்லை போனது நல்லதுதான். ஆனால் வண்டிக்குக் காகிதம் இல்லாத இடத்தில் ஓட்டுபவரின் முகமே ஆர்.சி. புத்தகமாகிவிடுகிறது. சட்டையின் கிழிசல், காலில் செருப்பு இருக்கிறதா, எந்தத் தெரு, எந்த மொழி, எல்லாம் அதன் பக்கங்கள்.

அப்படியானால் காகிதம் கொடுத்துவிட்டால் தீர்ந்துவிடுமா? நானும் ரொம்பக் காலம் அப்படித்தான் நினைத்தேன். ஜப்பானில் 1994-இலிருந்து ஒவ்வொரு சைக்கிளையும் திருட்டுத் தடுப்புக்காகப் பதிவு செய்தாக வேண்டும். வண்டியின் சட்டகத்தில் ஒட்டு வில்லை இருக்கும், எண் இருக்கும், போலீஸ்காரர் வயர்லெஸ்ஸில் கேட்டு ஒரு நிமிடத்தில் சொந்தக்காரர் பெயரைச் சொல்லிவிடுவார். டோக்கியோவில் நிஷிகசாய் பகுதியில் நம் ஆட்கள், மென்பொருள் வேலைக்குப் போனவர்கள், நிறையப் பேர் இருக்கிறார்கள். என் தங்கை மகன் அங்கே இருந்தபோது, ஊர் திரும்பிய நண்பனிடம் ஒரு சைக்கிள் வாங்கினான், பெயரை மாற்றவில்லை. போலீஸார் பிடித்து இரண்டு மணி நேரம் நிற்க வைத்தார்கள். அது அவன் தப்பு, நான் மறுக்கவில்லை. ஆனால் பெயர் மாற்றிய பிறகும் மாதம் ஒருமுறையாவது நிறுத்தினார்கள். கூடவே வந்த ஜப்பானிய நண்பனை ஒருமுறைகூட நிறுத்தவில்லை. தோற்றத்தைப் பார்த்தே போலீஸார் தங்களைத் திரும்பத் திரும்ப நிறுத்துகிறார்கள் என்று வெளிநாட்டு வம்சாவளியினர் மூவர் 2024 ஜனவரியில் ஜப்பானிய அரசுமீது வழக்கே போட்டார்கள்.

அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்து டாம்பா நகரம் இன்னும் தெளிவான பாடம். 2015-இல் டாம்பா பே டைம்ஸ் நாளிதழ் போலீஸாரின் அபராதச் சீட்டுகளை எடுத்து வைத்து எண்ணியது. மூன்று ஆண்டில் சைக்கிள்காரர்களுக்கு எழுதியவை 2,504. அவற்றில் பத்துக்கு எட்டு கறுப்பினத்தவருக்கு. நகர மக்களில் அவர்கள் நாலில் ஒரு பங்குதான். குற்றம் என்ன? விளக்கு இல்லை, டபுள்ஸ் போனார். கேட்ட மாதிரி இருக்கிறதா? வாங்கிய ரசீதைக் காட்ட முடியாததால் ஐம்பதைத் தாண்டிய ஒருவரின் சைக்கிளைப் பிடுங்கிவைத்துக்கொண்டார்கள். இங்கே இருப்பவர்களில் சைக்கிள் ரசீதைப் பையில் வைத்திருப்பவர் யாராவது கை தூக்குங்கள். மறு ஆண்டு மத்திய நீதித்துறை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது: நிறுத்தப்பட்ட சைக்கிள்காரர்களில் 73 விழுக்காடு கறுப்பினத்தவர், இப்படி நிறுத்தியதால் குற்றம் குறையவும் இல்லை. லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் ஷெரீப் துறை 2017-இலிருந்து நிறுத்திய 44,000-க்கும் மேற்பட்ட சைக்கிள்காரர்களின் பதிவுகளை லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் 2021-இல் அலசியது. பத்துக்கு ஏழு பேர் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். நிறுத்தப்பட்டவர்களில் நூற்றுக்கு 85 பேரைச் சோதனை போட்டார்கள். சட்டவிரோதமாக ஏதாவது கிடைத்தது அந்தச் சோதனைகளில் நூற்றுக்கு எட்டில்.

இந்த எட்டைக் கொஞ்சம் யோசியுங்கள். முகம் பார்த்துக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் வித்தை தங்களுக்கு இருக்கிறது என்று நம்புகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. "எனக்குப் பார்த்தாலே தெரியும் சார்" என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்த இடத்தில் அந்த வித்தை நூற்றுக்கு எட்டு மதிப்பெண் வாங்கியிருக்கிறது.

நம் இலக்கியத்தில் இதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி வழக்குரைத்ததைப் பட்டிமன்றத்தில் ஆயிரம் தடவை கேட்டிருப்பீர்கள். வக்கீல் என்ற முறையில் எனக்கு அதற்கு முன்பே வரும் கொலைக்களக் காதையே முக்கியம். அரசன் ஆணை, சிலம்பு கள்வன் கையில் இருந்தால் அவனைக் கொன்றுவிட்டுக் கொண்டுவாருங்கள் என்பது. பொருள் கையில் இருந்தால் திருடன்: 114-ஆவது பிரிவு, ஆனால் கணக்குச் சொல்லும் வாய்ப்பு கிடையாது. காவலர்கள் கோவலனைப் பார்க்கிறார்கள். இவன் இலக்கணம் கொலைக்குரியவனின் இலக்கணமாக இல்லையே என்று தயங்குகிறார்கள். தோற்றம் இங்கே குற்றமற்றவனுக்குச் சாதகமாகவே பேசுகிறது! ஆனால் பொற்கொல்லன் சிரித்துவிட்டுக் கள்வர் சாத்திரத்தை எடுத்து விடுகிறான்: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று எட்டு. நல்லவன்போல நிற்பதும் கள்வனின் வித்தைதான் என்று ஆக்கிவிடுகிறான். நின்றால் சந்தேகம், ஓடினால் சந்தேகம், அமைதியாக இருந்தால் பெரிய சந்தேகம். முகத்தை வைத்து வாதாடத் தொடங்கினால் அந்த வாதத்துக்கு முடிவே கிடையாது. முடிவு எங்கே வந்தது? சிலம்பை உடைத்தபோது. வெளியே இரண்டும் ஒரே மாதிரி. உள்ளே ஒன்றில் முத்து, மற்றதில் மாணிக்கம். ஸ்டேஷன் வாசலில் இடது பெடலைக் கழற்றிப் பித்தளை வாஷரைப் பார்த்தபோது எனக்கு அந்த நினைவு வந்தது என்று சொன்னால் பொய். பல வருடம் கழித்துத்தான் வந்தது. கோவலன் கையில் இருந்த சிலம்பை முதலிலேயே உடைத்துப் பார்த்திருக்கலாம். அதற்கு ஒரு கல் போதும்.

திரைப்படத்திலும் இதற்கு ஒரு வழக்கு உண்டு. இத்தாலிய இயக்குநர் வித்தோரியோ டி சிகாவின் 'பைசிக்கிள் தீவ்ஸ்' 1948-இல் வந்த படம். இங்கே திரைப்படச் சங்கம் இருந்தால் திரையிடுங்கள். போருக்குப் பிந்தைய ரோம் நகரம். அந்தோனியோவுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது, சைக்கிள் இருந்தால்தான் வேலை. மனைவி படுக்கை விரிப்புகளை அடகு வைத்து, அடகில் இருந்த சைக்கிளை மீட்டுக் கொடுக்கிறாள். முதல் நாளே திருட்டுப் போகிறது. இதில் இரண்டு காட்சிகளைச் சட்ட மாணவர்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சந்தையில் ஒருவர் ஒரு சைக்கிள் சட்டகத்துக்கு வண்ணம் பூசிக்கொண்டிருக்கிறார். அந்தோனியோவுக்குச் சந்தேகம். போலீஸ்காரரைக் கூப்பிட்டு எண்ணைப் படிக்கிறார்கள். எண் வேறு. முடிந்தது, யாரும் யாரையும் அடிக்கவில்லை. பிறகு அந்தோனியோ ஓர் இளைஞனை அவன் தெருவிலேயே பிடித்து நீதான் என்கிறான். இங்கே எண் இல்லை, சைக்கிள் இல்லை, சாட்சி இல்லை. இளைஞன் வலிப்பு வந்து விழுகிறான், தெருவே திரண்டு நிற்கிறது, வீட்டைச் சோதித்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆதாரம் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது என்று போலீஸ்காரர் கைவிரிக்கிறார்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மறைக்கமாட்டேன். அந்த இளைஞன்தான் திருடன். படம் பார்க்கும் நமக்குத் தெரியும், திருட்டை முதலிலேயே காட்டிவிட்டார்கள். அந்தோனியோவின் சந்தேகம் சரி. சரியான சந்தேகத்தோடும் ஒருவன் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கிறது. சட்டம் அப்படித்தான் இருக்க முடியும் என்பது என் கட்சி. ஆனால் அந்த வெறுங்கையின் வலி சாதாரணமானதில்லை. பால் ஊற்றுபவருக்கும் பேப்பர் போடுபவருக்கும் சைக்கிள் என்பது பிழைப்பு. சைக்கிளைத் தொலைத்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்து அழுத பெரிய மனிதர்களைப் பார்த்திருக்கிறேன். போலீஸ் நிலையத்தில் புகார் கொடுத்ததற்குச் சி.எஸ்.ஆர். ரசீது வாங்கவே நாலு நடை. கிடைத்தாலும் வண்டி ஸ்டேஷன் மதிலோரம் துருப்பிடித்துக் கிடக்கும். இப்படி இருக்கும்போது டீக்கடையில் இருப்பவர்கள் எழுந்து வருவதன் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. முறையான வழி அடைந்துகிடப்பதால்தான் தெருவழி திறக்கிறது.

தெருவழி எங்கே போய் முடியும் என்பதற்கு நெடுந்தூரம் போக வேண்டாம். 2018 பிப்ரவரி 22 அன்று பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியில், அரிசி திருடினார் என்று மது என்ற பழங்குடி இளைஞரைப் பிடித்துக் கையைக் கட்டிக் கூட்டமே அடித்தது. படமும் எடுத்துக்கொண்டார்கள். அன்றே இறந்துபோனார். 2023-இல் பதினான்கு பேர் குற்றவாளிகள் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நம் மாகாணத்தில் பிறப்பிலேயே சந்தேகத்தை எழுதிவைத்த காலம் ஒன்று இருந்தது. 1871-இன் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் திருத்தப்பட்டு இங்கே வந்தது. கைரேகைச் சட்டம் என்பார்கள். அந்தச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட சாதிகளில் பிறந்தவர்கள் ராத்திரி ஸ்டேஷனில் ஆஜராக வேண்டும். ஊர் தாண்டிப் போக ராத்தாரிச் சீட்டு வேண்டும். சைக்கிளுக்கு வில்லை கேட்டதுபோல மனிதனுக்கு வில்லை கேட்டார்கள். எதிர்த்ததற்கு 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச்சூடு. 1947-இல் சென்னை மாகாணம் அந்தச் சட்டத்தை நீக்கியது. சட்டம் போனது, ஆனால் எங்காவது திருட்டு நடந்தால் முதலில் எந்தக் குடியிருப்புக்கு ஜீப் போகும் என்பது இன்றும் எல்லா ஊரிலும் எல்லோருக்கும் தெரியும். இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொந்தச் சைக்கிளை வைத்துக்கொண்டு, ஊர்த்தெரு வந்ததும் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டிய நிலை தலித் மக்களுக்கு நம் கிராமங்கள் பலவற்றில் இருந்தது. அங்கே கேள்வி, சைக்கிள் உன்னுடையதா என்பதல்ல. உன்னுடையதாகவே இருந்தாலும் நீ எப்படி ஏறலாம் என்பது. "இவனுக்கு ஏது சைக்கிள்" என்ற சந்தேகத்தின் தாய்வீடு அதுதான்.

அந்தக் கேள்வியின் முதுகெலும்பை ஓரளவு முறித்தது அரசின் விலையில்லாச் சைக்கிள் என்பேன். 2001-இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கி, பிறகு அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் விரிந்தது. எந்தத் தெருப் பிள்ளையும் சைக்கிளில் வரலாம் என்றாயிற்று. ஆனால் சந்தேகம் லேசில் சாவதில்லை. பத்து வருடத்துக்கு முன் ஒரு சித்தாள் என்னிடம் வந்தார். மகளுக்குப் பள்ளியில் கொடுத்த லேடீஸ் சைக்கிள், முன்னால் கூடை வேறு. மகள் காய்ச்சலில் படுத்திருக்கிறாள் என்று இவர் அதில் வேலைக்குப் போயிருக்கிறார். லுங்கி கட்டிய ஆள் கூடை வைத்த சைக்கிளில் போனால் என்ன அர்த்தம்? சாயங்காலம் வரை ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டார்கள். பள்ளித் தலைமையாசிரியர் போன் செய்த பிறகே விட்டார்கள்.

புதிய சட்டத்தில் ஒரு நல்ல அம்சம் இருக்கிறது, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆவது பிரிவுப்படி, ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதன்முறை திருடித் தண்டிக்கப்படுபவர், பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்தால் சமூக சேவைதான் தண்டனை. பழைய சைக்கிள் பெரும்பாலும் இந்த வரம்புக்குள் வரும். உண்மையிலேயே திருடியவனுக்குச் சட்டம் விதிப்பது இவ்வளவுதான் என்றால், திருடாதவன் அந்தப் புங்கமரத்தடியில் எவ்வளவு வாங்கினான் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மாணவர்களுக்கு இரண்டு வேண்டுகோள். நாளை நீங்கள் வக்கீலாகவோ மாஜிஸ்திரேட்டாகவோ உட்காரும்போது, சைக்கிள் கேஸ் வந்தால் முதல் கேள்வி எண்ணைப் பற்றி இருக்கட்டும். புகாரில் எண் இருக்கிறதா, கைப்பற்றிய மகஜரில் அதே எண் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த இரண்டும் பொருந்தாத இடத்தில் எதிரி எப்படி முழித்தான் என்ற சாட்சியத்துக்கு மதிப்பே கிடையாது.

இரண்டாவது, இன்றைக்கே செய்ய வேண்டியது. வெளியே கல்லூரி நிறுத்துமிடத்தில் ஐம்பது சைக்கிளாவது இருக்கும், வரும்போது பார்த்தேன். போகும்போது உங்கள் வண்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். பெடல் அச்சு ஓடும் குழாயின் அடியில், சில வண்டிகளில் சீட்டுக்குக் கீழே, எண் அடித்திருக்கும். அதைப் போனில் படம் எடுத்து வையுங்கள். என் ஹெர்குலிஸ் இருபது வருடம் என்னிடம் இருந்தது. அதன் எண் எனக்குக் கடைசிவரை தெரியாது.